பேய் வீட்டை ஒழுங்கு செய்பவள்

ரோசம்மாள் பின்வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து தூசி சலித்துக்கொண்டிருந்தாள். அரிசி ஆலையிலிருந்து கொண்டுவந்த உமிச் சாம்பல் இரண்டு பங்கு, முல்தானி மட்டி ஒரு பங்கு. இரண்டையும் கலந்து மாவுச் சல்லடையில் போட்டுத் தட்டினாள். கட்டி இருந்தால் கேமராவில் யாரோ மாவைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் தெரியும். நைசாக இருந்தால்தான் பத்து வருஷமாக ஆள் நுழையாத வீட்டின் தூசி.

அவள் கணவர் மோசஸ் தட்டில் நாலு இட்லியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். இன்று லீவு.

"ஊரு ஒலகத்துல சம்மந்தி வராங்கன்னா தூசிய கூட்டுவாங்க. நீ சலிச்சினு கீற."

"வியாழக்கெழம ஷூட்டிங். தொளசி சார் ரெண்டு படி கேட்டுக்கீறாரு. அதுவுமில்லாம அந்தம்மா பாக்கட்டும். இப்டித்தான் செய்யறாங்கன்னு கண்ணால பாத்துட்டா பயம் போயிடும்."

"போயிடுமா?"

"போவணும்."

மோசஸ் இட்லியைச் சட்னியில் தோய்த்தார்.

அவர்கள் குடியிருந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு பழைய ஆலையின் விருந்தினர் மாளிகையை ஒட்டிய இரண்டு அறைகளில். ஆலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மாளிகை மட்டும் நின்றது. நடுவில் பெரிய கூடம், வளைந்து ஏறும் மரப்படி, மேலே ஐந்து அறைகள், கொல்லையில் ஒரு கிணறு. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று மோசஸையும் ரோசம்மாளையும் வைத்தார்கள். அப்போது மகள் ஸ்நேகாவுக்கு இரண்டு வயது. முதல் வருஷம் முழுக்க ரோசம்மாள் யாரும் வராத வீட்டைத் தினமும் பெருக்கித் துடைத்தாள். இரண்டாம் வருஷம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா இருந்தா எந்தப் பேய்மா வரும்?" என்று கேட்டார் ஒல்லியாக இருந்த ஒரு வாலிபர். அவர்தான் துளசிராமன். அப்போது ஆர்ட் டைரக்டருக்கு உதவியாள், இப்போது அவரே ஆர்ட் டைரக்டர்.

தூசி போடவும் ஒட்டடை கட்டவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். சின்ன விசிறி பொருத்திய ஒரு துப்பாக்கி, அதற்குள் ரப்பர் பசை. விசையை அழுத்தினால் நூல் நூலாகப் பறந்துபோய்ச் சரவிளக்கில் படியும். ஒட்டடைக் குச்சி பிடித்த கைக்கு ஒட்டடை கட்ட மனசு வரவில்லை. கதவு விஷயத்தில் இன்னும் மோசம். கூடத்துக் கதவு திறக்கும்போது கிரீச்சென்று கத்தும். நாலு பெரிய மனிதர்கள் வருகிற இடமாயிற்றே, மானக்கேடு என்று ஷூட்டிங்குக்கு முதல்நாள் கீல் மூன்றுக்கும் தேங்காயெண்ணெய் விட்டுவிட்டாள். மறுநாள் கதாநாயகி மெழுகுவர்த்தியோடு கதவைத் தள்ளினாள். அது பூனைபோல் திறந்துகொண்டது. டைரக்டர் அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தக் கதவு கத்துவதைக் கேட்டுத்தான் வீட்டையே எடுத்திருந்தார்களாம்.

அடுத்த படத்தில் வெள்ளைச் சுவரில் ரத்தக் கை பதித்தார்கள். சர்க்கரைப் பாகில் கேசரிப் பவுடர். சாயங்காலம் எல்லோரும் போனதும் எறும்பு சாரை கட்டியது. ரோசம்மாள் சுவரை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் துளசிராமன் வந்து பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அம்மா! அது கன்டினியூட்டிம்மா! பாதி சீன் எடுத்தாச்சு, மீதி இன்னிக்கு!"

"எறும்பு மொய்ச்சினு இருந்திச்சு சார்."

"பேய் ஊட்ல எறும்பு மொய்ச்சா இன்னாம்மா?"

முதல்நாள் சுவரில் கை பதித்த பெண் வேறு படப்பிடிப்புக்குப் போய்விட்டாள். துளசிராமன் ரோசம்மாளின் வலக்கையைப் பிடித்துப் பாகில் முக்கிச் சுவரில் அழுத்தினார். ஐந்து விரலும் நன்றாக விழுந்தன. அந்தப் படம் இன்றைக்கும் டிவியில் வருகிறது. இடைவேளைக்கு முன் அந்தக் கை திரை முழுக்க நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஸ்நேகா, "அது எங்கம்மா கை" என்று சொல்லி, ஒருத்தரும் நம்பாததால் அழுதுகொண்டு வந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேய்கள் வந்துபோயின. முதலில் வந்தவை எல்லாம் வெள்ளைப் புடவை. அவிழ்த்த கூந்தல், மல்லிகைப்பூ, கால் தெரியாதபடி கீழே புகை. கொலுசுச் சத்தத்தைத் தனியாக எடுத்துச் சேர்ப்பார்கள். பாட்டு கட்டாயம் உண்டு. பிறகு கொஞ்ச காலம் எல்லாப் பேயும் கிறிஸ்தவப் பேயாக வந்தது. நீள வெள்ளைக் கவுன், கையில் மெழுகுவர்த்தி, மேலே பியானோ. ரோசம்மாளுக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சமில்லை.

"எங்காளுங்க செத்தா மட்டும் கவுன் மாட்டிக்கினு சுத்துவாங்களா சார்? எங்கம்மா சாவும்போது நூல் பொடவதான் கட்டினு இருந்திச்சு."

"நூல் பொடவ கட்டினா ஜனங்க பயப்பட மாட்டாங்கம்மா. பாவம்னு சொல்லிடுவாங்க."

பிறகு சிரிப்புப் பேய்கள் வந்தன. ஒரு குடும்பமே இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு அலறிக்கொண்டு ஓடும். துரத்துகிற பேய்க்கும் கடைசியில் ஒரு கண்ணீர்க் கதை இருக்கும். அந்தப் படங்களில் ரோசம்மாளுக்கு வேலை அதிகம், ஓடுகிறவர்கள் தூசியெல்லாம் மிதித்துவிடுவார்கள். இப்போது வருகிற பிள்ளைகள் புகை கேட்பதில்லை, கொலுசு கேட்பதில்லை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "ஒண்ணும் நடக்கக் கூடாதும்மா. அதான் பயம்" என்கிறார்கள். மத்தியான வேளையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ரோசம்மாளும் சில நாள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். தூரத்தில் சூளூர்ப்பேட்டை ரயில் கூவிக்கொண்டு போகும். தான் நிற்பது கூடத்தில்தானா, யாரோ கனவில் காணும் கூடத்திலா என்று ஒரு நிமிஷம் பிடிபடாது. பிறகு குக்கர் விசில் கேட்கும்.

வளைகாப்பு நடந்தது ஒன்றரை மாதத்துக்கு முன்.

ஸ்நேகா செல்போன் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தபோது சரவணகுமாரைப் பார்த்தாள். அவன் வீடு பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். சொந்த நிலம், இரண்டு போகம் நெல். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் ஆனது. அவன் அம்மா முத்தம்மாள் இரண்டு வருஷம் பேசவில்லை. பிறகு ஒருநாள் தானே கும்மிடிப்பூண்டியில் மகன் எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு வந்து, இருவரையும் அழைத்துக்கொண்டு போனாள். ஸ்நேகா உண்டானதும் முருங்கைக்கீரையும் பாலுமாகக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். வளைகாப்பையும் குறையில்லாமல் செய்தாள். வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் முறை. ரோசம்மாள் கார் பேசிக்கொண்டு போயிருந்தாள். ஸ்நேகா துணிப்பையைக்கூடக் கட்டி வைத்திருந்தாள். அப்போதுதான் முத்தம்மாள் கன்னத்தில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"யம்மாடி! அந்தப் பேய் ஊட்டுக்கா? டிவில பாத்தே எனக்கு ரெண்டு நாள் ஜொரம். வவுத்துப் புள்ளக்காரிய அங்க எப்டி அனுப்பறது?"

கூட்டம் சிரித்தது. ரோசம்மாளும் சிரித்தாள். கார் காலியாகத் திரும்பியது.

இப்போது ஒன்பதாம் மாதம். தினமும் போனில் ஸ்நேகா கேட்பது ஒன்றுதான். "மா, எப்பமா கூட்டினு போவ? எனக்கு நம்ப ஊட்லதான் வலி எடுக்கணும்." அவளுக்காக ரோசம்மாள் உள்ளறைக்கு வெள்ளையடித்தாள். புதுத் தலையணை, கொசுவலை. மோசஸ் குழந்தைக்கு ஏணை கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டினார். சரவணகுமார்தான் வழி சொன்னான். "அம்மாவ ஒருவாட்டி கூட்டினு வரேன் அத்த. நீங்க ஊட்ட சுத்திக் காட்டுங்க. நேர்ல பாத்தா சரியாயிடும்."

பதினொரு மணிக்கு அவன் பைக் வந்து நின்றது. பின்னால் முத்தம்மாள். அறுபது வயது, கட்டைக் குரல், கையில் ஒரு பை நிறையக் கத்திரிக்காய், தோளில் ஒரு தண்ணீர் பாட்டில். அம்மாவை இறக்கிவிட்டு, டயருக்குக் காற்றடிக்கிறேன் என்று அவன் மோசஸையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"நம்ப தோட்டத்துக் காய். மருந்தடிக்காதது" என்று பையை நீட்டினாள் முத்தம்மாள். அப்புறம் அண்ணாந்து வீட்டைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "ஏ, அந்த ஜன்னல்! அங்கேருந்துதான வேலக்காரன தள்ளிவுட்டுது?"

"தள்ளல அக்கா. கீழ மெத்த போட்டுக்கீறாங்க. அந்தாளு குதிச்சிட்டு எழுந்து டீ குடிச்சாரு."

"அட!"

கூடத்து ஜன்னல்களுக்கெல்லாம் நேற்றே கறுப்புத்துணி கட்டியாகிவிட்டது. வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே நட்ட நடு ராத்திரி. துணியில் அங்கங்கே இருந்த ஊசித் துளைகளின் வழியே வெளிச்சம் நுழைந்து தரையெல்லாம் நட்சத்திரமாக விழுந்திருந்தது. முத்தம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, பட்டப்பகல்ல!"

"பேய்ப் படம் பாதி பகல்லதான் அக்கா எடுப்பாங்க. ராத்திரின்னா அவங்களுக்கும் தூக்கம் வரும் இல்ல."

முத்தம்மாள் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாடிவரை போய்த் திரும்பி வந்தது. அவளுக்கே அது பிடித்துப்போய் மறுபடியும் சிரித்துப் பார்த்தாள்.

ரோசம்மாள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். காலையில் சலித்துக் கிண்ணத்தில் எடுத்துவைத்திருந்த தூசியை உள்ளங்கையில் ஏந்தி மேசைமேல் ஊதினாள். அது மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. ஒட்டடைத் துப்பாக்கியை முத்தம்மாளின் கையிலேயே கொடுத்தாள். முத்தம்மாள் விசையை அழுத்தியதும் வெள்ளை நூல்கள் இருட்டில் மிதந்துபோய் மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கின. வைக்கோல் போரைப் பார்த்த கன்றுக்குட்டிபோல அவள் துப்பாக்கியை விடவில்லை. கடிகாரம், நாற்காலி, மான்கொம்பு என்று எல்லாவற்றுக்கும் ஒட்டடை கட்டினாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த புகை மெஷினை ரோசம்மாள் போட்டாள். இனிப்பு வாசனையோடு புகை தரையில் பரவியது. இருவருக்கும் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ரோசம்மாள் கறுப்புத்துணியின் ஒரு மூலையை விலக்கியபோது வெயில் ஒரு பலகைபோல் சாய்ந்து உள்ளே வந்தது. அதில் புகையும் தூசியும் சுருண்டு சுருண்டு ஏறின. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எத்தனை நேரம் நின்றார்கள் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

"கனா மாதிரி கீது" என்றாள் முத்தம்மாள், குரலைத் தாழ்த்தி. பிறகு, "அந்த செவுத்துக் கை?"

"அது என் கை அக்கா."

"பொய் சொல்லாத."

ரோசம்மாள் வலக்கையை விரித்துக் காட்டினாள். முத்தம்மாள் அதை வெளிச்சத்துப் பக்கம் பிடித்து இழுத்துக் குனிந்து பார்த்தாள். "ஆமா, சுண்டுவெரல் கோணலு! நான் கூட நெனச்சேன், பேய்க்கு இன்னாடா சுண்டுவெரல் கோணலா கீதுன்னு. தயிர்க்காரி கல்பனா கிட்ட சொன்னா நம்ப மாட்டா." கையை விட்டுவிட்டுத் தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தூசிதான் எங்கும் ஒட்டியிருந்ததே.

"எனக்கு ஒண்ணு புரியலடி" என்றாள் அப்புறம். "எல்லாப் படத்துலயும் அந்தப் பொண்ணுங்க செத்த எடத்துலயே சுத்திக்கினு கீதுங்க. புருசன், மாமியா, ஜமீன்தாருன்னு யார்னா ஒருத்தன் கொன்னுட்டிருப்பான். அங்கியே ஏன் சுத்தணும்? பஸ் ஏறி அம்மா ஊட்டுக்குப் போவலாமில்ல?"

"நானும் இருபது வருசமா பாக்கறேன் அக்கா. ஒண்ணு கூடப் போவல."

இருவரும் சிரித்தார்கள். வளைகாப்பன்று எல்லோருக்கும் நடுவில் சிரித்த சிரிப்பு இதுபோல் இல்லை என்று ரோசம்மாளுக்குத் தோன்றியது. இத்தனை சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே அழைத்து வந்து காட்டியிருக்கலாம்.

கொல்லை வழியாகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வெளியே வந்ததும் இருவருக்கும் கண் கூசியது. உள்ளறையில் புதுச் சுண்ணாம்பின் வாசனை. கட்டிலில் கொசுவலை மடித்து வைத்திருந்தது. முத்தம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து ஏணைக் கொக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லா கெட்டியாதான் அடிச்சிக்கீறாரு."

ரோசம்மாள் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். முத்தம்மாள் தோளிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

"வெள்ளிக்கெழம வந்து கூட்டினு வரட்டுமா அக்கா? ஷூட்டிங் வியாழக்கெழமயோட முடிஞ்சிடும். ஆஸ்பத்திரி இங்கேருந்து பத்து நிமிஷம். நான் ஒரு மாசம் எங்கியும் நவுர மாட்டேன்."

முத்தம்மாள் பாட்டில் மூடியை நிதானமாகத் திருகினாள்.

"டீ ஆறுது, எடுத்துக்கோங்க. இப்பதான் எல்லாம் பாத்துட்டீங்களே. இன்னும் பயமா கீதா?"

"பயமா? எனக்கா?" முத்தம்மாள் அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். "கரன்ட் எந்நேரம் வருதோ அந்நேரம் ஒத்தையா கழனிக்குப் போய் மோட்டார் போடறவ நான். பேயாவது, பிசாசாவது."

"அப்ப வளகாப்புல ஜொரம்னு…"

"அத்தினி பேரு முன்னாடி வேற இன்னாத்த சொல்றது, சொல்லு." முத்தம்மாளின் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. வயல் வேலைக்கு ஆள் பிரிக்கிறவளின் நிதானம் இருந்தது. "பங்காளிங்க, நாத்தனாருங்க எல்லாம் நிக்கறாங்க. சரவணன் கட்டினு வந்ததுக்கே ரெண்டு வருசம் பேஜாரு. புள்ள உங்க ஊட்ல பொறந்து, அவ ஒரு மாசம் உங்க சோறு தின்னுட்டு வந்தான்னு வெச்சிக்கோ, நாளைக்கு எங்க ஊட்டு விசேசத்துல ஒருத்தனும் கை நனைக்க மாட்டான். அதப் போயி அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? அது மனசு இன்னா ஆவும்? பேய்னா யாருக்கும் நோவாது. சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. நீயுந்தான சிரிச்ச."

ரோசம்மாள் நின்றுகொண்டிருந்தாள். டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"அப்ப இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"சரவணன் உயிர எடுத்தான். அதுவுமில்லாம எனக்கும் பாக்கணும்னு ஆச. பொய் சொல்ல மாட்டேன், நல்லா இருந்திச்சு." பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உன் பொண்ண நான் கொறவா வெச்சிக்க மாட்டேன். அது அவளுக்கே தெரியும். புள்ள பொறந்தா நீ வந்து பாத்துட்டுப் போ, யாரு வாணான்றா? சரவணன் கேப்பான், அவளும் கேப்பா. நான் சொல்லிடப் போறேன், போய்ப் பாத்தேன், பட்டப்பகல்ல இருட்டா கெடக்குது, உள்ள போவசொல்லவே எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு, அனுப்ப மாட்டேன்னு. நீயும் அதையே சொல்லிடு. ஆமா, நாங்களும் கொலுசு சத்தம் கேட்டுக்கீறோம்னு ஒரு வார்த்த சேத்துக்கோ. ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னாதான் அது நம்பும்."

ரோசம்மாள் கட்டிலருகே போய்க் கொசுவலையை எடுத்தாள். அதைப் பிரித்தாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாதவள்போல் மறுபடியும் மடித்தாள்.

"இன்னா ரோசம்மா? சொல்லிடறியா?"

வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சரவணகுமார் மோசஸிடம் எதையோ சொல்லிச் சிரித்தான்.

"அவன் உள்ள வர்றதுக்குள்ள சொல்லுடி. சொல்லிடறதான?"

ரோசம்மாள் கொசுவலையைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, முத்தம்மாளின் முழங்காலில் இடிக்காமல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.